பொருளாதாரத் திறன் மிக்க நாடுகள் தூய்மையாகவும் இருப்பது ஏன்?

கொடைக்கானலில் முதுகலைப் பொருளியல் படிக்கும் மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது: "பொருளாதாரத் திறனில் முன்னால் நிற்கும் நாடுகளே சுற்றுச்சூழல் தரவரிசையிலும் முன்னால் நிற்கின்றன. அப்படியானால், திறனை உயர்த்தினால் சுற்றுச்சூழல் தானாகவே சீராகிவிடும் என்று முடிவு எழுதலாமா? முதலில் வளர்ந்துவிட்டு, பிறகு காற்றையும் நீரையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது சரிதானா?"

இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. அது தற்செயலாக அமைந்த தொடர்பும் அன்று. ஆனால் ஒரு நிறுவனமோ நாடோ எவ்வளவுதான் திறமையாக இயங்கினாலும், தன் கணக்கில் ஏறிய பொருளை மட்டுமே அது சிக்கனமாகச் செலவிடும். விலையோ வரம்போ அபராதமோ இல்லாத கழிவைக் குறைப்பதற்கு அதற்கு எந்த முகாந்திரமும் கிடையாது. அதை மலிவாக வெளியே தள்ளிவிடுவதே அங்கே திறமை எனப்படும். உங்கள் ஆய்வேட்டில் "தானாகவே" என்ற ஒரு சொல்லை மட்டும் நீக்கிவிட்டால் மீதி வாதம் பெரும்பாலும் நிற்கும் என்பது என் கருத்து. அந்தச் சொல் ஏன் நிற்காது என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

முதலில் அளவையைப் பார்ப்போம். நாடுகளின் பொருளாதாரத் திறனை ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் அளக்கிறார்கள். எளிய வழி ஒரு விகிதம்: ஒரு டாலர் மதிப்புள்ள உற்பத்திக்கு எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று, எவ்வளவு கரியமில வாயு வெளியேறிற்று என்பது. மற்றது எல்லைக்கோட்டு முறை. 1957-இல் பொருளியலாளர் ஃபாரெல் தொடங்கிவைத்து, 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவரும் கணிதச் சட்டகமாக வடித்த இம்முறையில், ஒரே அளவு உழைப்பையும் மூலதனத்தையும் எரிபொருளையும் கொண்டு மிக அதிக உற்பத்தியைக் காட்டும் நாடுகள் எல்லைக்கோட்டின் மேல் நிற்கும். மற்ற நாடுகள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அதுவே அவற்றின் திறன் குறைவாகக் கொள்ளப்படும்.

புகையையும் கழிவுநீரையும் இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்பதில்தான் உங்கள் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. அவற்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டால், கழிவைக் கொட்டுவதற்குச் செலவே இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். இந்தக் குறையைக் களைய 1997-இல் சுங், ஃபேர், கிராஸ்கோப் ஆகியோர் வேறொரு அளவையை முன்வைத்தார்கள். வேண்டிய உற்பத்தியைக் கூட்டுவதையும் வேண்டாத உற்பத்தியைக் குறைப்பதையும் ஒரே நேரத்தில் அளக்கும் அந்த முறையை அவர்கள் சுவீடன் நாட்டுக் காகிதக்கூழ் ஆலைகளின் மீது பொருத்திக் காட்டினார்கள். இன்று நாடுகளை ஒப்பிடும் ஆய்வுகளில் கணிசமானவை இந்த வழியில் வந்தவையே. ஆகவே நீங்கள் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையிலும், திறனைக் கணக்கிடும்போதே மாசை உள்ளே சேர்த்தார்களா என்பதை முதலில் பாருங்கள். மாசைச் சேர்த்துத் திறனைக் கணக்கிட்டுவிட்டு, அதன் பிறகு திறன் மிக்க நாடுகளில் மாசு குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, போட்டதையே திரும்ப எடுப்பதாகும்.

எளிய விகிதத்துக்கும் அதற்கே உரிய கோளாறு உண்டு. 2015-இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு கூடிற்று. பன்னாட்டு நிறுவனங்கள் சில தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை வரிக் காரணங்களுக்காக அந்நாட்டுக் கணக்குக்கு மாற்றியதே இதில் பெரும்பங்கு. அந்த ஆண்டில் ஒரு டாலர் உற்பத்திக்கான கரியமில வாயு அயர்லாந்தில் வெகுவாகக் குறைந்ததாகப் புள்ளிவிவரம் காட்டும். ஆனால் அங்கே எந்தப் புகைபோக்கியும் அதற்காக மாறவில்லை.

அடுத்து, தரவரிசை. நீங்கள் குறிப்பிடும் பட்டியல் யேல், கொலம்பியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீடு என்று எடுத்துக்கொள்கிறேன். 2022 பட்டியலில் 180 நாடுகளில் டென்மார்க் 77.9 புள்ளிகளுடன் முதலிடத்திலும், இந்தியா 18.9 புள்ளிகளுடன் கடைசி இடத்திலும் இருந்தன. 2024-இல் எஸ்டோனியா முதலிடத்துக்கு வந்தது. இந்தியா 176-ஆம் இடத்தில் இருந்தது. 2022 பட்டியல் வெளியானவுடன் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை ஏற்க மறுத்து அறிக்கை வெளியிட்டது. அந்த மறுப்பில் தேசப்பற்றின் சூடு இருந்தது உண்மைதான். ஆயினும் அதன் ஒரு வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆண்டின் குறியீட்டில் காலநிலைப் பிரிவுக்கு மொத்த மதிப்பில் 38 சதவீதம் தரப்பட்டிருந்தது. அதற்குள்ளும், ஒரு நாட்டின் கடந்த பத்தாண்டுப் போக்கை அப்படியே நீட்டி 2050-இல் அது எவ்வளவு வெளியேற்றும் என்று கணிக்கும் அளவுகோலுக்குப் பெரிய பங்கும், தலைக்கு எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதற்கு மிகச் சிறிய பங்கும் தரப்பட்டிருந்தன. உயரத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருக்கும் நாட்டுக்கு இந்த முறை பரிசளிக்கும். தாழ்விலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் நாட்டைத் தண்டிக்கும். ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு டன் அளவில் கரியமில வாயு வெளியேற்றத்துக்குக் காரணமாகிறார். ஓர் அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்குக்குச் சற்றுக் கூடவோ குறையவோ காரணமாகிறார். எந்த எண்ணை முன்வைப்பது என்பது அறிவியல் தீர்மானம் மட்டுமன்று, நியாயத்தைப் பற்றிய தீர்மானமும்கூட.

ஆயினும் அந்த மறுப்பை வைத்துக்கொண்டு நாம் ஆறுதல் அடைந்துவிடவும் கூடாது. குறியீட்டின் மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு அதன் கூறுகளைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியும். நுண்துகள் மாசு, பாதுகாப்பான குடிநீர், கழிவகற்றம், ஈய நச்சு ஆகியவை அடங்கிய மனித நலப் பிரிவு நாடுகளின் வருமானத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்தே உயர்கிறது. இதில் இந்தியாவின் மதிப்பெண் குறைவாக இருப்பதற்கு எந்த எடைப் பங்கீட்டையும் குறைசொல்ல முடியாது. தில்லியின் குளிர்காலக் காற்று எந்தக் குறியீட்டையும் கேட்டுக்கொண்டு கெட்டுப்போகவில்லை. ஆனால் உயிரினப் பன்மை, வாழிடங்கள், மீன்வளம் ஆகியவை அடங்கிய சூழல் உயிர்ப்புப் பிரிவு வருமானத்தோடு அவ்வளவு நெருக்கமாகப் போவதில்லை. தலைக்கு எவ்வளவு கரியமில வாயு என்று பார்த்தாலோ தொடர்பு பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது; கத்தார், குவைத் போன்ற பெருவருமான நாடுகள் பட்டியலின் மோசமான முனையில் வந்து நிற்கின்றன.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் பணம் போட்டுக் கட்டவேண்டியவை. பயன் அதே ஊர் மக்களுக்கு, அதே தேர்தல் காலத்துக்குள் கிடைக்கும். வாக்களிப்பவருக்குத் தெரியும் தீமையை வசதியுள்ள நாடு விலைகொடுத்து நீக்கிக்கொள்கிறது. கரியமில வாயுவின் தீமை உலகெங்கும் பரவுகிறது. அழிந்த புல்வெளியின் இழப்பு யாருடைய வரவுசெலவிலும் பதிவாவதில்லை.

திறனின்மையே மாசுக்குக் காரணமாக இருந்த காலமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் அதற்குச் சான்று. எரிபொருளுக்கும் நீருக்கும் உண்மையான விலை இல்லாத திட்டப் பொருளாதாரத்தில், ஒரே அளவு உருக்கையோ சிமெண்டையோ உற்பத்தி செய்ய மேற்கு நாடுகளைவிட மிக அதிக எரிபொருள் எரிக்கப்பட்டது. பருத்திக்காக ஆறுகள் திருப்பப்பட்டதால் 1960-களிலிருந்து ஏரல் கடல் வற்றத் தொடங்கிற்று. அந்த அமைப்பு சரிந்த பிறகு வெளியேற்றமும் சரிந்தது. 2024 பட்டியலில் எஸ்டோனியா முதலிடம் பிடித்ததற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது: 1990-இல் எண்ணெய்ப் பாறையை (எண்ணெய் செறிந்த ஒருவகைப் பாறையை) எரித்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்த நாடு அது, சோவியத் காலத் தொழிற்சாலைகள் மூடப்பட்டதும், பிற்பாடு கரியமில வாயு வெளியேற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த விலை ஏறியதும் சேர்ந்து அதன் வெளியேற்றத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தன. உயரத்திலிருந்து விழுந்தவருக்கு இறக்கத்துக்கான பரிசு எளிதில் கிடைத்தது என்று சொன்னால் அது முற்றிலும் கேலியாகாது.

திறன்தான் காரணமா, விதிமுறைதான் காரணமா என்பதைப் பிரித்துப் பார்க்க உதவும் ஓர் ஆய்வை நீங்கள் அவசியம் படிக்கவேண்டும். 1990-க்கும் 2008-க்கும் இடையில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தி கூடியபோதும் அவற்றின் முக்கியக் காற்று மாசுகள் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தன. இது ஏன் நிகழ்ந்தது என்று ஷப்பிரோ, வாக்கர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். உற்பத்தித் திறன் கூடியது, அழுக்கான தொழில்கள் வெளிநாட்டுக்குப் போனது, சட்டக் கட்டுப்பாடு இறுகியது ஆகிய மூன்று காரணங்களையும் பிரித்துப் பார்த்ததில், பெரும்பங்கு கட்டுப்பாட்டினுடையது என்றும் மற்ற இரண்டின் பங்கு சிறியது என்றும் அவர்கள் கண்டார்கள். திறனை மட்டும் நம்பியவர்களுக்கும், எல்லாம் ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதியான அழுக்குத்தான் என்று நம்பியவர்களுக்கும் ஒரே நேரத்தில் ஏமாற்றம் தரும் முடிவு இது. நானும் இரண்டாவது அணியின் பக்கம் சாய்பவன்தான். ஆனால் எண்கள் அப்படிச் சொல்லும்போது அதை ஏற்கத்தான் வேண்டும். பெரும்பாலான தொழில்களில் மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு மொத்தச் செலவில் சிறு பகுதியே. அதற்காக மட்டும் யாரும் உலையைப் பெயர்த்துக்கொண்டு கடல் கடப்பதில்லை.

ஆனால் சில தொழில்கள் கடந்திருக்கின்றன. அதற்கு நம் ஊரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிக்கொண்டிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் முற்பகுதியில் பாண்ட்ஸ் நிறுவனத்தால் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் 1987-இல் அது ஹிந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனமான யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாயிற்று. செய்துமுடித்த வெப்பமானிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்கே ஏற்றுமதியாயின. மலையில் தங்கியது உழைப்புக்கான கூலியும், உடைந்த கண்ணாடியோடு சிந்திய பாதரசமும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் 7 டன்னுக்கு மேற்பட்ட பாதரசக் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டு மக்கள் திரண்ட பிறகு தொழிற்சாலை நின்றது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான். தொழிற்சாலை வளாகம் பாம்பார் சோலைக்கு மேலே இருக்கிறது. அந்த நீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துப் பக்கம் இறங்குகிறது. மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தூய்மைப்படுத்தலுக்கு அளவு வைத்ததும், இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று ஊரார் கேட்டதும் அதன் பிறகு நடந்த நீண்ட வழக்காடல்.

அந்தத் தொழிற்சாலை இங்கே வந்தது கூலி மலிவு என்பதாலா, விதிமுறை தளர்வு என்பதாலா, இதமான குளிரினாலா என்பதில் வாதம் இருக்கலாம். அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். வாட்டர்டவுனில் பாதரச வெளியேற்றம் நின்றது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் கணக்கில் அது முன்னேற்றமாகவே பதியும். வெப்பமானி முன்னைவிட மலிவாகக் கிடைத்திருந்தால் அதை வாங்குவோரின் செலவுத் திறனும் உயர்ந்திருக்கும். அப்படியானால் திறன், தூய்மை ஆகிய இரண்டு வரைபடங்களிலும் அமெரிக்கா ஒரு புள்ளி மேலே போயிருக்கும். நாடுகளை வரிசைப்படுத்தும் எந்த அட்டவணையிலும் பாம்பார் சோலைக்கென்று ஒரு வரி கிடையாது. திறனும் தூய்மையும் ஒன்றாக உயர்வதாகக் காட்டும் புள்ளிகளில் எத்தனை புள்ளிகள் இப்படிப் பிறந்தவை என்பதை மொத்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது; பொருள் எங்கே செய்யப்பட்டது, எங்கே பயன்படுத்தப்பட்டது என்று தனித்தனியாகத் தேடினால் மட்டுமே தெரியும்.

கரியமில வாயுவில் இந்தத் தேடலைப் பலர் செய்துவிட்டார்கள். ஒரு நாட்டின் எல்லைக்குள் வெளியேறியது எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அந்நாட்டவர் வாங்கிப் பயன்படுத்திய பொருள்களுக்காக உலகெங்கும் வெளியேறியது எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. பிரிட்டனின் எல்லைக் கணக்கு 1990-ஐ ஒப்பிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது. 2024 செப்டம்பர் 30 அன்று அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. நுகர்வுக் கணக்கிலும் குறைவு உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை. சுவீடன், டென்மார்க் ஆகியவற்றிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அதாவது முன்னேற்றம் முழுவதும் மாயை என்பதும் தவறு, முழுவதும் உண்மை என்பதும் தவறு. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் முதல் உருக்கு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்ற இறக்குமதிகளின் கரிம அளவைக் கேட்கத் தொடங்கியிருப்பதும், 2026 முதல் அதற்குக் கட்டணம் விதிப்பதும் இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிதான். நம் ஏற்றுமதியாளர்களுக்கு அது கசக்கிறது. அதில் தங்கள் நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கமும் கலந்திருக்கிறது என்ற குறையும் நியாயமானதே.

நொய்யல் ஆற்றைப் பார்த்தால் இதன் மறுபக்கம் தெரியும். ஐரோப்பாவில் விற்ற பனியனின் சாயநீர் திருப்பூரில் தங்கிற்று. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாகி, உழவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலைக்குப் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை கட்டாயமாயிற்று. நீரில் பெரும்பகுதியும், சாயத்துக்குப் போடும் உப்பும் இன்று மீட்கப்பட்டு மறுபடியும் பட்டறைக்கே போகின்றன. கடுமையான விதி நிறுவனங்களைப் புதுமைக்குத் தள்ளி, ஈற்றில் அவற்றின் திறனையே கூட்டும் என்று 1990-களில் மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் வாதிட்டார். திருப்பூர் அதற்கு முழுச் சான்று என்று சொல்ல மாட்டேன். சுத்திகரிப்புக்கு ஆகும் மின்செலவு கொஞ்சநஞ்சமன்று, சிறு பட்டறைகள் பல எழவே இல்லை. ஆனால் நீரும் உப்பும் கணக்கில் ஏறிய பிறகுதான் அவற்றைச் சிக்கனப்படுத்தும் திறன் வந்தது என்ற வரிசைமுறையை நீங்கள் கவனிக்கவேண்டும். தொழிலின் திறன் முன்பும் உயர்வாகத்தான் இருந்தது; உலகச் சந்தையில் போட்டியிட்டு வென்ற ஊர் அது.

ஓர் அலகுக்கான திறனையும் மொத்த அளவையும் குழப்பிக்கொள்வது இத்துறையின் பழைய நோய். நீராவி இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதால் இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு கூடவே செய்தது என்று 1865-லேயே பொருளியலாளர் ஜெவன்ஸ் காட்டினார். சொட்டுநீர்ப் பாசனம் வந்த பல நாடுகளில், மிச்சமான நீரைக் கொண்டு இன்னும் கொஞ்சம் நிலத்தைப் பயிர்செய்ததால் நிலத்தடி நீர் தேறவில்லை. நம் மலைப்பாதையில் ஏறும் இன்றைய கார், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய காரைவிடக் குறைந்த எரிபொருளில் குறைந்த புகையோடு ஏறுகிறது. ஆயினும் கோடைகாலத்தில் ஏரிச்சாலையின் காற்று எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) வந்ததும், 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பு வந்ததும், வாகனத்தின் திறனைப் பற்றிய தீர்மானங்கள் அல்ல, மொத்தத்தைப் பற்றியவை. இந்த எண்கள் சரியானவையா என்பது வேறு விவாதம். விடுதிக்காரர்களுக்கு அவை மிகக் குறைவு, எனக்கு அவை மிக அதிகம். மலை தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதைக் கணக்கில் ஏற்றியதுதான் இதில் புதியது.

எதைக் கணக்கில் ஏற்றுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும், ஏனெனில் தவறான எண்ணும் கணக்கில் ஏறிவிடக்கூடும். பழனி மலையின் மேட்டுப் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் நடப்பட்டதையும் விவசாயம் விரிந்ததையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், நாற்பது ஆண்டுகளில் அந்தப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் வெளியிட்டார்கள். தோல் பதனிட டானினும் ஆலைகளுக்கு மரக்கூழும் தந்த அந்தத் தோட்டங்கள் பொருளாதாரக் கணக்கில் வரவு. மரப்பரப்பை எண்ணும் சுற்றுச்சூழல் கணக்கிலும் வரவு. இழந்த புல்வெளியும், அதன் ஈரத்தில் பிழைத்த ஓடைகளும் இரண்டிலும் இல்லை. இன்று ஒருவர் வாட்டிலை வெட்டிப் புல்வெளியை மீட்க முற்பட்டால், மரப்பரப்பு இழப்பை மட்டும் பார்க்கும் அளவுகோலில் அது சுற்றுச்சூழல் சீர்கேடாகவே பதியும். நாடுகளுக்கு இடையிலான ஒப்பீட்டில் காடு பற்றிய எண்களைக் கையாளும்போது, மேல்மலையில் ஒருமுறை நின்று பார்த்தவர் என்ற முறையில் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் எச்சரிக்கை இருக்கவேண்டும்.

இனி, முதலில் வளர்ந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்ற பகுதி. வருமானம் கூடும்போது மாசு முதலில் ஏறிப் பின்னர் இறங்கும் என்ற கவிழ்ந்த கிண்ண வடிவ வளைகோட்டை 1991-இல் கிராஸ்மன், க்ரூகர் ஆகியோரின் ஆய்வு பிரபலமாக்கிற்று. கந்தக டை ஆக்சைடு போன்ற உள்ளூர் மாசுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் அதை எழுதியவர்களே, இறக்கம் தானாக நிகழ்வதில்லை, வசதி பெற்ற மக்கள் கேட்டு வாங்கும் கட்டுப்பாடுகளால் நிகழ்கிறது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இலண்டனில் 1952 டிசம்பர் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகே 1956-இன் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஜப்பானில் பாதரச நச்சால் வரும் மினமாட்டா நோய் 1956-இல் அறியப்பட்டது. பாதரசமே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. 1970-இல் நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் 14 மாசுச் சட்டங்களை இயற்றியது. வளைகோடு திரும்பிய இடங்களிலெல்லாம் யாரோ போராடியிருக்கிறார்கள். திரும்பிய பிறகும் மினமாட்டாக் குடாவின் பாதரசச் சேற்றை அரசு பெருஞ்செலவில் தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. சில இழப்புகளுக்குத் திரும்பும் பாதையே இல்லை: சோலைக்காடு பணம் சேர்ந்த பிறகு வாங்கி நடக்கூடிய பொருளன்று.

வருமானம் உயரும்வரை காத்திருக்காமல் செய்த நாடும் உண்டு. அப்போது நடுத்தர வருமான நாடாக இருந்த கோஸ்டாரிக்கா 1996-இல் வனச் சட்டம் இயற்றி, எரிபொருள் வரியிலிருந்து எடுத்த பணத்தை, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 1980-களில் கால் பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்த அதன் காட்டுப்பரப்பு இன்று பாதிக்கு மேல். அதே நாட்டின் அன்னாசி, வாழைத் தோட்டங்களில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். விலை வைத்த இடம் சீரானது, வைக்காத இடம் அப்படியே இருக்கிறது. நம் நாட்டிலும் சூரத் நகரில் 2019-இல் முன்னூறுக்கு மேற்பட்ட ஆலைகளைக் கொண்டு நுண்துகள் வெளியேற்ற உரிமைச் சந்தை ஒன்று தொடங்கப்பட்டது. புகைபோக்கிகளில் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தி, மொத்தத்துக்கு வரம்பு வைத்து, அதற்குள் ஆலைகள் உரிமத்தை வாங்கி விற்க அனுமதித்ததில், அதிகாரி சோதித்து அபராதம் விதிக்கும் பழைய முறையில் இருந்த ஆலைகளைவிட மாசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. கட்டுப்பாட்டுச் செலவும் குறைந்தது. திறனும் தூய்மையும் உண்மையிலேயே கைகோத்த இடம் என்று நான் ஐயமின்றிச் சொல்லக்கூடியது இதைத்தான்.

ஆய்வேட்டுக்கான நடைமுறை ஆலோசனை சில. குறியீட்டின் மொத்தப் புள்ளியைச் சார்பு மாறியாக (விளக்கவேண்டிய விளைவாக) வைக்காதீர்கள். நுண்துகள், கழிவகற்றம், தலைக்கான கரியமில வாயு, வாழிட இழப்பு என்று தனித்தனியாக வைத்து நான்கு முடிவுகளையும் அருகருகே காட்டுங்கள். கரியமில வாயுவுக்கு எல்லைக் கணக்கையும் நுகர்வுக் கணக்கையும் இரண்டையும் ஓட்டுங்கள். எல்லைக்கோட்டு முறையைப் பயன்படுத்துவதானால் மாசைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை கணக்கிட்டு, எந்த நாடுகளின் இடம் மிகவும் மாறுகிறது என்று பட்டியலிடுங்கள். என் மதிப்பில் அந்தப் பட்டியல்தான் உங்கள் ஆய்வேட்டின் சிறந்த பக்கமாக இருக்கும். சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு உலக வங்கி வெளியிடும் ஆட்சித்தரக் குறியீடுகளையும் கட்டுப்பாட்டு மாறிகளாக (விளைவைப் பாதிக்கக்கூடிய பிற காரணிகளாக) சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சேர்த்தவுடன் திறனின் கெழு, அதாவது விளைவில் அதன் பங்கைக் காட்டும் எண், சுருங்கினால், நீங்கள் இதுவரை திறன் என்று நினைத்ததில் ஒரு பகுதி, விதியை எழுதி அதை நிறைவேற்றவும் தெரிந்த அரசின் வேலை என்று பொருள். அயர்லாந்தை மட்டும் எதற்கும் ஒருமுறை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.